ஒரே லாட்டில் நான்கு டிஸ்க்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஓடாத ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. கையில் எடுத்தால் கனக்கும். அதன் முதுகில் தபால்தலை அளவுக்கு ஒரு வெள்ளைச் சீட்டு. 'லாட் 1 – எண் 3' என்று நீல மையில், சாயாத எழுத்தில் எழுதியிருக்கிறது. என் மாமனாரின் கையெழுத்து அது. நூற்பாலை ஒன்றின் தரப் பரிசோதனைக் கூடத்தை இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டவர். வீட்டிலும் அவர் கைபட்ட எல்லாவற்றிலும் சீட்டு இருக்கும். மிளகாய்த்தூள் டப்பாவில் அரைத்த தேதி, மின்விசிறியில் எண்ணெய் விட்ட தேதி.

போத்தனூரில் அவர்கள் தெருவில் முதன்முதலில் வீடியோ கேமரா வாங்கியவர் அவர்தான். என் மனைவியின் காதுகுத்திலிருந்து கிணத்துக்கடவுத் தோப்பில் தேங்காய் போடுவது வரை எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். பெரும்பாலும் ஆடாமல், அவசரப்படாமல் எடுத்த படங்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை கேமராவை அவர் முகத்திலேயே வைத்திருப்பார். கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியபோது எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றினோம். மாற்றி முடித்ததும் கேசட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று சொல்லி, போடவும் வைத்தவன் நான்.

அந்த வருடம்தான் அத்தைக்கு, என் மாமியாருக்கு, மறதி கூடியது. காலையில் சாப்பிட்டது நினைவில் இருக்காது; பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் வராது. ஆனால் தொலைக்காட்சியில் அந்தப் பழைய வீடியோக்களைப் போட்டால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்வார். "இது மேட்டுப்பாளையத்துச் சின்னம்மிணி. பாக்கு மண்டிக்காரங்க ஊட்டு மருமக. இவளுக்குக் காப்பியில சக்கரை மூணு கரண்டி போடோணும்" என்பார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, சொன்ன பெயர்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். தினமும் மாலை நாலரைக்கு அரைமணி நேரம். மருத்துவர் சொன்ன மாத்திரைகளைவிட அந்த அரைமணி நேரத்தை அவர் நம்பினார். அந்த வீடியோக்களை வீட்டில் எந்த அறையிலிருந்தும் பார்க்கும்படி, ஒரு டிஸ்க் கெட்டாலும் அழியாதபடி வைக்க வழி உண்டா என்று என்னைக் கேட்டார். நான்கு டிஸ்க் போடும் ஒரு சேமிப்புப் பெட்டியை வாங்கச் சொன்னேன். வீட்டு இணைய வலையில் மாட்டிவிட்டால் போதும். நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதிவிடும். மாமா அதற்கு 'குடோன்' என்று பெயர் வைத்தார்.

பெட்டி காலியாகத்தான் வரும். டிஸ்க்குகளை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டி செய்தவர்கள் எந்தெந்த டிஸ்க் அதற்குப் பொருந்தும் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். அதை அச்செடுத்துக்கொண்டு, இருவரும் காந்திபுரத்தில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். நான் அப்போது ஒரு நாளிதழின் கோவைப் பதிப்பில் உதவி ஆசிரியர். வாரம் ஒருமுறை வரும் தொழில்நுட்பப் பக்கம் என் பொறுப்பு. பிழை பார்த்துப் பழகிய கண் கடையில் உடனே வேலை செய்தது. கடைக்காரர் எடுத்து வைத்த டிஸ்க்கின் மாதிரி எண்ணும் பட்டியலில் இருந்த எண்ணும் கடைசி ஓர் எழுத்தில் வேறுபட்டன. பட்டியலில் இருந்தது இராப்பகலாக ஓடும் பெட்டிகளுக்கென்றே செய்தது. கடைக்காரர் கொடுத்தது, ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின்மேல் இன்னொரு தடம் ஏறும்படி எழுதும் வகை. தனிக் கணினிக்குச் சரி. நான்கு டிஸ்க் சேர்ந்து உழைக்கும் இடத்தில் திணறும். சுட்டிக்காட்டியதும் அவர் மறுக்காமல் மாற்றிக் கொடுத்தார். மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

பிறகு அவர் தன் சட்டைப்பையிலிருந்து, துணியில் இழை எண்ணும் மடக்குக் கண்ணாடியை எடுத்தார். சரியான மாதிரி டிஸ்க்குகள் நான்கையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் சீட்டையும் குனிந்து படித்தார். நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தபோது முகம் மாறியிருந்தது.

"ஏனுங்க தம்பி, இதுல ரெண்டு ஒரு மாசத்துச் சரக்கு, ரெண்டு வேற மாசத்துச் சரக்காட்ட இருக்குதுங்களே?"

"ஆமாங்கய்யா. மாடல் ஒண்ணுதானுங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

"லாட்டு வேறயாச்சேங்க. எனக்கு நாலும் ஒரே லாட்டுல வேணுமுங்க."

கடைக்காரர் சிரித்தார். "ஐயா, டிஸ்க்குக்குச் சாயமா போடப் போறீங்க?"

"சாயம் போடலீன்னாலும் லாட்டு லாட்டுதானுங்க" என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

கோவைப் பக்கத்தில் ஆலையில் வேலை பார்த்த யாருக்கும் அந்தப் பிடிவாதம் புரியும். ஒரே ரக நூலாக இருந்தாலும் இரண்டு லாட்டை, அதாவது வெவ்வேறு தடவை நூற்ற சரக்கை, கலந்து துணியாக்கினால் பார்வைக்குக் குறை தெரியாது. சாயத்தில் முக்கி எடுத்த பிறகுதான் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுக்கும். மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிக் கலந்துபோன நூலால் திருப்பூரிலிருந்து ஒரு லாரித் துணி திரும்பி வந்தது. அன்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் லாட்டைக் கலந்ததில்லை. வீட்டுத் தரைக்கு டைல்ஸ் வாங்கியபோதும் கடைசிப் பெட்டி வேறு லாட் என்று திருப்பி அனுப்பியவர்.

ஆனால் டிஸ்க்குகள் நூல் அல்ல. ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் பிறந்தவற்றில் ஒரு குறை இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரே பெட்டியில் ஒரே அளவு உழைத்தால் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழும். அதனால் வேறு வேறு லாட்டில் வாங்குவதே பாதுகாப்பு. இது எனக்குத் தெரியும். என் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த ஒரு கட்டுரையில் இதே விஷயம் கடைசிப் பத்தியில் இருந்தது. இடம் போதாமல் நான்கு வரிகளை வெட்டி, இதை மட்டும் விட்டுவைத்தவன் நான். கடைக்காரர் தெரிந்தோ தெரியாமலோ எங்களுக்கு வேண்டியதைத்தான் எடுத்து வைத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடையில், அந்தக் கண்ணாடியோடு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்துகொண்டிருந்தார் மாமா. கடைக்காரர் முன்னால் மாமனாரை மறுத்துப் பேசுவது எனக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட நான்கு டிஸ்க்குகளைக் கடைக்காரர் தருவித்துக் கொடுத்தார். மாமா சீட்டு எழுதி ஒட்டினார். சொல்வதற்கான நேரம் அத்தோடு போய்விட்டது.

கணினியில் இருந்த வீடியோக்களையெல்லாம் குடோனுக்கு மாற்றினோம்; அது மூன்றரை வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. ஒரு காலை, இரண்டாம் எண்ணின் விளக்கு சிவப்பானது. மாமா பதற்றமில்லாமல் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "மாப்ள, ரெண்டாம் நெம்பர் போயிருச்சுங்க. மத்த மூணும் நல்லா இருக்குதுங்க." நான் அதே மாதிரியில் புதிதாக ஒன்று வாங்கிப்போய் மாட்டினேன். மற்ற மூன்றும் சேர்ந்து அதை எழுதி நிரப்ப ஆரம்பித்தன. டிஸ்க்குகள் அதுவரை அவ்வளவு கடுமையாக உழைத்ததில்லை. மறுநாள் மாலை நாலரை மணிக்கு, நிரப்பும் வேலை பாதியைத் தாண்டியிருந்தபோது, மூன்றாம் எண்ணின் விளக்கும் சிவப்பானது. ஒன்று போனால் தாங்கும். இரண்டு போனால் தாங்காது. அத்தை கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, "ஏனுங்க, படம் போடலீங்களா?" என்று கேட்டார். மாமா எழுந்துபோய்ப் பெட்டியின் முன்னால் நின்றார். எதையும் தொடவில்லை.

கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுத்தரும் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தோம். இரண்டு டிஸ்க்கிலும் உள்ளே தகட்டில் ஒரே இடத்தில் கீறல் விழுந்திருக்கிறது, எதையும் மீட்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பார்சல் வந்த அன்று மாமா வாசல் படியில் உட்கார்ந்து, பெட்டியின் ட்ரேக்களை மிருதுவான பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறனுங்க. ஒரே லாட்டுல வாங்கினதாலதான் இப்புடின்னு கடைக்காரத் தம்பி சொல்றாருங்க. உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுமா சொல்லாம உட்டுப்போட்டீங்க?"

அவர் நான்காவது ட்ரேயையும் துடைத்து முடித்தார்.

"மில்லா இருந்தா மெமோ குடுத்திருப்பனுங்க" என்றார். பிறகு, "உள்ள போங்க, உங்கத்தை காப்பி வெச்சிருக்கறா. ரெண்டு தடவ சக்கரை போட்டிருப்பா, ஒண்ணும் சொல்லாம குடிச்சுப்போடுங்க" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

எல்லாம் போய்விடவில்லை. அதற்கும் ஆலைப் பழக்கம்தான் காரணம். எந்த லாட் வெளியே போனாலும் அதிலிருந்து ஒரு கோனை, அதாவது கூம்பில் சுற்றிய நூலை, எடுத்துப் பரிசோதனைக் கூட அலமாரியில் பூட்டி வைப்பார்களாம். வாங்கியவர் குறை சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க. மாமா அதேபோல ஒவ்வொரு வருடத்திலிருந்தும் ஒரு சிறு துண்டை ஒரு பென்டிரைவில் எடுத்து, 'சாம்பிள்' என்று சீட்டு ஒட்டிப் பீரோவில் வைத்திருந்தார். இருபத்தாறு துண்டுகள். மொத்தமாகப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம் வராது. பார்சல் வந்த மூன்றாம் நாள் மாலை அதைத் தொலைக்காட்சியில் செருகினார். சின்னம்மிணி அதில் இல்லை. அத்தை இருந்தவர்களின் பெயரைச் சொன்னார். மாமா நோட்டைத் திறக்கவில்லை.

மாமா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அத்தை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். அந்த இருபத்தாறு துண்டுகளையும், என் மனைவி உறவினர்களிடமிருந்து தேடிச் சேர்த்த சில வீடியோக்களையும் வைக்கப் போன மாதம் இரண்டு டிஸ்க் போடும் சிறிய பெட்டி ஒன்று வாங்கினேன். பட்டியலைப் பார்த்து மாதிரி எண்ணை ஒத்துப்பார்த்தேன். ஒரு டிஸ்க்கைக் காந்திபுரத்தில் அதே கடையில் வாங்கினேன். இன்னொன்றை வேறு கடையில், வேறு மாதத்துச் சரக்காகக் கேட்டு வாங்கப் போகிறேன் என்றதும் கடைக்காரர், "ஐயா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கவே மாட்டாருங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய குடோனின் உத்தரவாத அட்டையைத் தேடி மாமாவின் கோப்பைத் திறந்தபோது அது தவறு என்று தெரிந்தது. பொருந்தும் டிஸ்க்குகளின் பட்டியலுக்குப் பின்னால் ஒரு முழுத்தாள். ஆலையில் சரக்கு திரும்பி வந்தால் எழுதும் விசாரணைக் குறிப்பின் வடிவில், கட்டம் போட்டு எழுதியிருந்தார். குறை: இரண்டு டிஸ்க் ஒரே வாரத்தில். காரணம்: ஒரே லாட்டில் வாங்கியது. திருத்த நடவடிக்கை: அடுத்த முறை இரண்டு கடை, இரண்டு லாட், சாம்பிள் தனியே எடுத்து வைக்கவும். பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரை மட்டும் எழுதி, கீழே கையெழுத்திட்டிருந்தார்.

நான் இருபது வருடம் பிறர் எழுதியதைத் திருத்தியவன். அந்தத் தாளில் தகவல் பிழை ஒன்று இருந்தது. நீல மைப் பேனாவைத் தேடி எடுத்து, பொறுப்பு என்ற கட்டத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு புது டிஸ்க்குகளுக்கு 'லாட் 2', 'லாட் 3' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். தாளை நான்காக மடித்து, இழுப்பறையில் லாட் ஒன்றின் மூன்றாம் எண்ணுக்கு அடியில் வைத்தேன். மணி நாலரை ஆகியிருந்தது. கூடத்திலிருந்து அத்தை கூப்பிட்டார்.