புகைபோக்கி இல்லாத வீட்டைத் தேடி

அரசர்கள் கப்பலும் பொன்னும் கொடுத்து அனுப்பிய மாபெரும் பயணிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அடியேனை அனுப்பியவர் கீழ்வீட்டு ஆர்விட். கொடுத்தது அரைப் பைக்கற் பிஸ்கட்.

ஒஸ்லோவின் கிழக்கு விளிம்பில், எல்லிங்ஸ்ருட் தொடர்மாடியில், பதினாறு வருடமாக எனக்குக் கீழே இருக்கிறார் ஆர்விட். என் மனைவி மிளகாய் வறுக்கும்போது தும்மிக்கொண்டே மேலே வந்து, இன்றைக்கு என்ன கறி என்று விசாரிக்கும் ஒரே நோர்வீஜியர் அவர்தான். வயது எண்பத்துநாலு. இதயம் பழுது, முழங்கால் அதைவிடப் பழுது. 2007 நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"முதியோர் இல்லத்திலை எனக்கு இடம் கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை கையெழுத்து வைக்க வேணுமாம். காட்டிலை இருக்கிற எங்கடை வீடு விழுந்திட்டுது எண்டு மகன் சொல்லுறான். அவன் அப்பிடித்தான் சொல்லுவான். நீர் ஒருக்கால் போய்ப் பார்த்து வாரும். வீடு நிண்டால் நான் அங்கை போறன். இல்லையெண்டால் பேசாமல் கையெழுத்து வைக்கிறன். உமக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை."

(ஆர்விட் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பவர் அல்லர். அவருடைய நோர்வீஜியத்தை இப்படி ஆக்கிய பாவம் என்னையே சேரட்டும்.)

அவர் சொன்ன காடு பின்ஸ்கூகன். 'பின்லாந்துக்காரரின் காடு' என்று பொருள் சொல்லலாம். சுவீடன் எல்லையை ஒட்டி, கடலையே காணாமல் கிடக்கும் உள்நாட்டு மூலை. நோர்வே என்றால் மலையும் கடலும் என்று படம் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் கமராவைத் திருப்புவதேயில்லை. போக நினைக்கும் நண்பர்களுக்காக வழியை ஒழுங்காக எழுதுகிறேன். என் வழக்கப்படி கொஞ்சம் கூட்டி எழுதினால் நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அந்தோனி தன் காரோடு வந்தான். அவன் மன்னார்க்காரன், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான், பியோர்ண்டாலில் தாயாரோடும் மனைவி பிள்ளைகளோடும் குடியிருக்கிறான். காரின் கண்ணாடியில் செபமாலை தொங்கும். பக்கத்தில் நான் மூன்று குறி விபூதியோடு இருப்பேன். உலகத்திலேயே இரண்டு பக்கமும் காப்புறுதி எடுத்த கார் அது ஒன்றுதான்.

இ6 நெடுஞ்சாலையில் வடக்கே போய், க்லோஃப்தாவில் இரண்டாம் இலக்கப் பாதைக்குத் திரும்ப வேண்டும். கொங்ஸ்விங்கர் வரை ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீற்றர். அன்றைக்கு விழுந்தது மழையுமில்லை, பனியுமில்லை. இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டு நடுவில் எங்கள் மேல் விழுந்த ஏதோ ஒன்று. ஒன்பதரை மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் ஓட்டினான்.

கொங்ஸ்விங்கரில் ஆற்றுக்கு மேலே ஒரு கோட்டை இருக்கிறது. சுவீடன்காரன் வருவான் என்று பயந்து கட்டியது. இப்போது நோர்வேக்காரர் மலிவாக இறைச்சி வாங்க சுவீடனுக்குப் படையெடுக்கிறார்கள், கோட்டை சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெற்றோல் இங்கேயே அடித்துவிடுங்கள். நாங்கள் முந்நூறு குரோனருக்கு அடித்தோம். போய்வரத் தாராளமாகப் போதும்.

அங்கிருந்து ஸ்வுல்ரியா என்ற சிற்றூருக்கு நாற்பது கிலோமீற்றர் சொச்சம். வீடுகள் குறைந்து குறைந்து, கடைசியில் தபால்பெட்டிகள் மட்டும் வந்தன. பிறகு அவையும் இல்லை. இரண்டு பக்கமும் கறுத்த ஊசியிலை மரங்கள், நடுவில் ஈயக் குழம்பு போல ஏரிகள். ஓர் எல்க் மான் குறுக்கே போனது. அதன் கொம்பில் எங்கள் கோயில் நிர்வாக சபை முழுவதும் அமர்ந்து கூட்டம் நடத்தலாம். சண்டை பிடிக்கவும் இடம் மிஞ்சும்.

"அண்ணை, இஞ்சை ஆர் வந்து குடியிருந்தது?" என்றான் அந்தோனி.

"உன்னையும் என்னையும் மாதிரி ஆக்கள்தான்."

சும்மா சொல்லவில்லை. ஆயிரத்து அறுநூறுகளில் பின்லாந்திலிருந்து சுவீடன் வழியாக நடந்து வந்தவர்களின் காடு இது. வந்தவர்கள் மரங்களை வெட்டிக் காயவிட்டு, எரித்து, அந்தச் சூடான சாம்பலில் ரை தானியம் விதைத்தார்கள். இதைச் சொன்னதும் அந்தோனி, "சேனை!" என்று ஸ்டியரிங்கில் தட்டினான். வன்னியில் காடு வெட்டி எரித்துப் பயிரிட்ட மாமன்மார் அவனுக்கு உண்டு. ஊர்க்காரர் இவர்களைச் சூனியக்காரர் என்று பயந்தார்கள். அதே நேரம் மாடு சுகமில்லாமல் போனால் இரகசியமாக வந்து வைத்தியமும் கேட்டார்கள். புதிதாய் வந்தவனுக்கு எந்த ஊரிலும் இந்த இரண்டு மரியாதையும் கிடைக்கும்.

ஸ்வுல்ரியாவில் பதினொன்றுக்கு இறங்கினோம். கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கோப்பி ஊற்றித் தந்தார். ஆர்விட் அனுப்பி வந்தோம் என்றதும், தானும் அந்தக் காட்டுக்காரரின் வம்சம்தான் என்றார். பரம்பரையை விரல் விட்டு எண்ணிக்கொண்டு போனவர், கோப்பி ஆறும் மட்டும் நிறுத்தவில்லை.

"அந்தப் பின்லாந்துப் பாஷை உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஆருக்கும் தெரியாது. எல்லாம் போயிட்டுது. ஆர்விட்டின்ரை தாய் தகப்பன் தங்களுக்குள்ளை மட்டும் கதைப்பினமாம். பிள்ளையள் உள்ளுக்கு வந்தால் நிப்பாட்டிப்போடுவினமாம்."

அந்தோனி கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பிள்ளைகள் இரண்டும் தமிழில் கேட்டால் நோர்வீஜியத்தில் பதில் சொல்லும் சாதி.

"ஆர்விட்டின்ரை வீடு?" என்றேன்.

"பாதை முடியிற இடத்திலை இருந்து அரை மணித்தியாலம் நடக்க வேணும். ஆனால் போய் என்ன செய்யப் போறியள்?" என்று மட்டும் சொன்னார். அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

நடந்தோம். முழங்கால் வரை சதுப்பு. என் சப்பாத்து ஒன்றை அந்தக் காடு விழுங்கி, மென்று, பிடிக்காமல் திருப்பித் துப்பியது. வழியில் மரம் வெட்டி நேராகத் திறந்த ஓர் இடைவெளி தெரிந்தது. நடுவில் மஞ்சள் பெயின்ற் அடித்த கற்குவியல். அதுதான் நாட்டு எல்லை. காவலுமில்லை, கம்பியுமில்லை. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஜேர்மன்காரருக்குத் தப்பி ஓடியவர்கள் இந்தக் காடுகளுக்குள்ளால்தான் சுவீடனுக்குப் போனார்கள். அந்தோனி ஒரு காலை அந்தப் பக்கம் வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டான். "விசா இல்லாமல் பழக்கமில்லை, அண்ணை."

வீடு இருந்த இடத்துக்கு வந்தோம். கூரை உள்ளே விழுந்து, சுவர் மரங்கள் பாசி பிடித்துப் படுத்திருந்தன. நடுவில் அடுப்பு மட்டும் பாதி நின்றது. ஒரு மாட்டளவு கல் அடுப்பு. இந்த மக்களின் வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. புகை கூரைக்குக் கீழே மேகம் போல நிற்கும், கூரையில் ஒரு துவாரத்தால் மெல்லப் போகும், கல் மட்டும் நாள் முழுக்கச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இப்போது அந்த அடுப்பின் வாயிலிருந்து ஒரு பேர்ச் மரம் என் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. மகன் பொய் சொல்லவில்லை.

நான் விழுந்து கிடந்த அடுப்புக் கல் ஒன்றைக் கோட்டுப் பைக்குள் போட்டேன். ஒரு வீட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

"இதைப் போய் இருதயக்காரனுக்குச் சொல்லப் போறியளே?" என்றான் அந்தோனி.

"வேறை என்ன செய்யிறது?"

"எங்கடை மன்னார் வீட்டிலை ஷெல் விழுந்து ஒரு வருசம். அம்மாவுக்குச் சொன்னனாங்களே? ஒவ்வொரு ஞாயிறும் கேப்பா, வீடு எப்பிடியடா எண்டு. நல்லாய் நிக்குது அம்மா, மாமரம் காய்ச்சிருக்காம் எண்டுவன். சந்தோசமாய்ப் படுப்பா."

"இவர் வீடு நிண்டால் வரப்போறன் எண்டெல்லே நிக்கிறார்?"

"இந்த முழங்காலோடை எங்கை வாறது, அண்ணை? ஒரு நல்ல வீட்டுப் படத்தைக் காட்டுவம், பார்த்துச் சந்தோசப்பட்டுப்போட்டு இல்லத்துக்குப் போவார்."

நான் தலையாட்டினேன். நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லாதே என்பது எங்கள் இரத்தத்தில் ஓடுவது. ஊரில் செத்தவர்கள் எத்தனை பேரை நாங்கள் ஒஸ்லோத் தொலைபேசிகளில் மாதக்கணக்காக உயிரோடு வைத்திருந்தோம்! திரும்பி வருகிற வழியில், அதே மாதிரியான பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். குளிர்காலத்துக்குப் பூட்டியிருந்தது. கமராவுக்குள் அறிவிப்புப் பலகை விழாமல் அந்தோனி மூன்று படம் எடுத்தான்.

நாலு மணிக்கு எல்லிங்ஸ்ருட்டில் நல்ல இருட்டு. ஆர்விட் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கமராத் திரையில் வைத்துக் கனநேரம் பார்த்தார்.

"கூரை?"

"நல்லாய் இருக்கு," என்றேன்.

"அடுப்பு?"

"உங்களை விட உறுதியாய் நிக்குது."

சிரித்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழும்பி, கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு தோல் பையை இழுத்தார். கம்பளிக் காலுறை, பூட்ஸ், ஒரு கோடரித் தலை. எல்லாம் முதலே எடுத்துக் கட்டிலடியில் வைத்திருக்கிறார்! ஒவ்வொன்றாகப் பைக்குள் போனது.

"நாளைக்கு வெளிக்கிடுவம். அந்தோனி, உம்மடை காரிலை இடம் இருக்குத்தானே?"

அந்தோனி என்னைப் பார்த்தான். நான் செபமாலையைத் தேடினேன், அது காரில் இருந்தது. உலகத்தின் எல்லா எல்க் மான்களையும் இரண்டு மடங்காக்கிய என் வாயில், அன்றைக்கு ஒரு சின்ன உண்மையைப் புரட்டி எடுக்க அவ்வளவு பாடு.

"ஆர்விட், அது உங்கடை வீடு இல்லை. உங்கடை வீடு விழுந்திட்டுது. அடுப்புக்குள்ளை மரம் முளைச்சிருக்கு."

பைக்குள் இருந்த கை அப்படியே நின்றது. நான் கோட்டிலிருந்து கல்லை எடுத்து மேசையில் வைத்தேன். ஈரத்தில் அதன் கரி இன்னும் கையில் ஒட்டியது. அவர் அதைத் தடவி, விரலைப் பார்த்தார். கறுப்பு. கனநேரம் அந்த விரலைத் துடைக்கவில்லை.

"ஏன் இப்பிடிச் செய்தனீர்?"

"எங்கடை ஆக்களின்ரை வழக்கம். சுகமில்லாதவைக்குக் கெட்ட செய்தி சொல்லமாட்டம்."

"அப்ப உங்கடை ஆக்கள் எப்ப அழுறவை?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அந்தோனி எழும்பி வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆர்விட் பூட்ஸையும் கோடரித் தலையையும் வெளியே எடுத்தார். காலுறையை உள்ளேயே விட்டு, அதற்கு மேலே கல்லை வைத்தார். திங்கட்கிழமை கையெழுத்து வைத்தார்.

இனிப் போகிறவர்களுக்கு. நவம்பரில் போகாதீர்கள். ஜூன் கடைசியில் போனால் பழைய வீடுகள் திறந்திருக்கும். ஆனால் கடிக்க வரும் நுளம்பு ஒவ்வொன்றும் புறா அளவு, அது உங்கள் பாடு. முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் கட்டாயம். கைத்தொலைபேசி ஸ்வுல்ரியாவுக்கு அப்பால் வெறும் மணிக்கூடுதான். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரப் பெண் பரம்பரை சொல்லத் தொடங்கினால் இடையில் எழும்பாதீர்கள், அதைக் கேட்க அங்கே அதிகம் பேர் வருவதில்லை. யாராவது அங்கே ஒன்றைப் பார்த்து வரச் சொன்னால், பார்த்ததையே வந்து சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதி முடிக்கிற நேரத்தில் அந்தோனி தொலைபேசி எடுத்தான். இன்றைக்கு ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் தாயார் வழக்கம்போல வீட்டைப் பற்றிக் கேட்டாராம். இந்த முறை உள்ளதைச் சொன்னானாம்.

"அம்மா என்ன சொன்னவ?"

"தெரியுமாம், அண்ணை. அப்பவே தெரியுமாம். நான் மாமரத்தைப் பற்றிச் சொல்லுறது கேக்க ஆசையாய் இருந்ததாம்."

"பிறகு?"

"பிறகென்ன. ரெண்டு பேரும் இருந்து அழுதம்."