ஆகாஷின் பி.டி. பீரியட்

போன செவ்வாய்க்கிழமை என் வகுப்பின் கிராஃப் குப்புற விழுந்தது.

அனகாபுத்தூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். மாதம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையும் என் மேஜைக்கு வந்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு புதுப் பத்தியை ஒரு நிமிடம் சத்தமாகப் படிக்க வேண்டும். சரியாகப் படித்த சொற்களை எண்ணி போனில் ஒரு ஆப்பில் ஏற்றினால், ஜூனிலிருந்து அந்தப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரு கோடு வரும். கோடு மேலே போனால் எனக்கு நல்ல தூக்கம்.

அன்று பெரும்பாலான பெண் பிள்ளைகளின் கோடு இறங்கிவிட்டது. பையன்கள் ஏறிவிட்டார்கள். அதிலும் ஆகாஷ்... மாதக்கணக்கில் படுத்தே கிடந்த அவன் கோடு எழுந்து நின்றது. எனக்கு வந்த முதல் சந்தேகம் என்ன தெரியுமா? ஆப் ரிப்பேர்.

சந்தேகப்படாமல் என்ன செய்வேன்? அதற்கு முந்தைய மாதம்தான் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பிரசங்கமே செய்திருந்தேன் — 'வாசிப்பில் பெண் குழந்தைகள் ஏன் வேகமாக வளர்கிறார்கள்?' கலர் கலராக ஸ்லைடு. பொறுமை, கவனம் என்று காரணங்களை நானே அடுக்கினேன். பையன்களில் விக்னேஷ் மட்டும் தேறியிருந்தான். அவனை என் பக்கத்தில் உட்கார வைத்த மகிமை என்று அதற்கும் ஒரு ஸ்லைடு. கைதட்டல் வேறு.

சேலையூரிலிருந்து ஒரு டீச்சர் அடுத்த வாரமே போன் செய்தார். "மேடம், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். எங்க ஸ்கூல்லயும் கேர்ள்ஸ்தான் மேல போறாங்க." இரண்டு பள்ளிகளில் நிரூபணம். தலை கொஞ்சம் கனத்தது என்பதை மறைப்பானேன்?

கோடு அசையாத ஆகாஷுக்கு புதன்கிழமை பி.டி. பீரியடில் சிறப்பு வாசிப்பு என்று உத்தரவு போட்டேன். அவனுக்கோ கபடி என்றால் உயிர். மற்றவர்கள் மைதானத்தில் கத்த, அவன் ஜன்னலைப் பார்த்தபடி எனக்குப் படித்துக் காட்டினான். சீக்கிரமே புதன்தோறும் அவனுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது.

அவன் அம்மா ஒரு நாள் கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், புள்ள வூட்ல நல்லாத்தான் படிக்கிறான். பஸ் போர்டு, கடை போர்டு ஒண்ணும் வுடறதில்ல. இங்க மட்டும் இன்னா ஆவுது? புதன்கெழம ஆனா ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு அழுவுறான்."

நான் என்ன செய்தேன்? போனை எடுத்து கிராஃபைக் காட்டினேன். அவர் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சொன்னா சரிதான் மிஸ்" என்று கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். அன்று கண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்து, பையன்களை முதலில் அழைத்துப் போனார்கள். நேரத்தை வீணாக்குவானேன் என்று பெண் பிள்ளைகளிடமிருந்து ஆரம்பித்தேன். பாதியில் பையன்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பிறகு நடந்ததுதான் மேலே சொன்ன விபத்து.

கடகடவென்று படிக்கும் திவ்யாவே அன்று வரிக்கு வரி தடுமாறியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "என்னடி ஆச்சு, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன் மிஸ். இன்னிக்கு என்னை ஃபர்ஸ்ட்டு கூப்ட்டீங்கல்ல, அதான்."

"அதனால?"

"எப்பவும் ஆகாஷ்தான மிஸ் ஃபர்ஸ்ட்டு? அவன் தப்பா படிப்பான், நீங்க சத்தமா திருத்துவீங்க. அப்புறம் பாலாஜி படிப்பான். எங்க டர்ன் வர்றதுக்குள்ள எங்களுக்கு மனப்பாடம் ஆயிடும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் மிஸ்."

வருகைப் பதிவேட்டில் பையன்கள் முதலில், பெண்கள் பிறகு. அந்த வரிசையில்தான் கூப்பிடுவேன். ஜூனில் மட்டும் ஒவ்வொருவரையும் தனியாக வராந்தாவில் வைத்துக் கேட்டேன். அப்புறம் வெயில், மழை... சரி, சோம்பல். வகுப்புக்குள்ளேயே முடித்துக்கொண்டேன். விக்னேஷ்? பையன்களில் கடைசிப் பெயர். சேலையூர் டீச்சருக்கு போன் போட்டேன். அவரும் பதிவேட்டு வரிசைதானாம்.

மறுநாள் புதுப் பத்தியோடு எல்லோரையும் ஒவ்வொருவராக மறுபடி வராந்தாவுக்கு அழைத்தேன். வகுப்பின் முன்னால், நான் குறுக்கே திருத்தத் திருத்தத் திணறிய ஆகாஷ், இங்கே ஜூனைவிட நன்றாகவே ஏறியிருந்தான். இத்தனை மாதமும் தப்புத் தப்பாகப் படித்து வகுப்புக்கே பாடம் எடுத்தது அவன்தான். அவனுடைய கபடியைத்தான் நான் பிடுங்கிக்கொண்டேன்.

கடைசியாக யாழினி வந்தாள். பதிவேட்டிலும் கடைசி. என் கிராஃபில் அவள்தான் உச்சாணிக் கொம்பு. பத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை. இந்தப் பிள்ளையைக் காட்டியா கைதட்டல் வாங்கினேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது காலையில் மணி அடிக்கும் முன்பே அவளும் நானும் வந்துவிடுகிறோம். பி.டி. பீரியடை யாரிடமும் பிடுங்குவதில்லை. அந்தப் புதன்கிழமையே ஆகாஷை மைதானத்துக்கு அனுப்பினேன். "வயிற்று வலி எப்படிடா இருக்கு?" என்றேன். "இன்னா வலி மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவிட்டான்.

எனக்குத்தான் இப்போது என் மேலேயே சந்தேகம். என் பெயர் விஜயா. பள்ளிக்கூடத்தில் படித்த காலம் முழுக்க பதிவேட்டில் கடைசிப் பெயர்... படிப்பில் கெட்டிக்காரி என்று எல்லா டீச்சரும் சொன்னார்கள்.