சன்னல் இல்லாத ஷெட்டுக்கு வந்த பேய்க்கதைகள்

சுனாமி வந்து இரண்டு வருடம் கழித்து, எம்.ஃபில். தலைப்புகளை முடிவு செய்யும் கூட்டத்தில் ஒரு மாணவியிடம் நான் கேட்ட கேள்வியை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் சுற்றி வளைத்து, அதை எழுதாமலே முடித்துவிடுவேன்.

"கடல் கொண்டுபோனவங்க ஆராவது பேயா வந்தாவளா, மக்கா?"

அவளுடைய தங்கை அந்த அலையில் போனவள். எனக்கு அது தெரியும். அவளது கட்டணச் சலுகை விண்ணப்பத்தில் துறைத் தலைவராகக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். தெரிந்துதான் கேட்டேன்.

அவள் குளச்சலை ஒட்டிய ஒரு கடற்கரை ஊர்க்காரி. நான் கொட்டாரத்தில் வயலும் வீடும் உள்ளவன். கடற்கரைப் பிள்ளைகள் ராகம் இழுத்துப் பேசுவதை வகுப்பில் நடித்துக் காட்டுவது என் வழக்கம். அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். வேறென்ன செய்வார்கள்?

அவள் கொண்டுவந்த தலைப்பு, மாத நாவல்களில் வரும் பேய்க்கதைகள். பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்குமே, அந்த நாவல்கள். பல்கலைக்கழகம் அப்போதுதான் 'வெகுசன இலக்கியம்' என்று ஒரு விருப்பப்பாடத்தை நுழைத்திருந்தது. அதை நடத்தும் வேலை, காலமெல்லாம் சங்க இலக்கியம் நடத்திய என் தலையில் விழுந்தது. அந்தக் கோபத்தைப் பல்கலைக்கழகத்திடம் காட்ட முடியாது. அவள் அகப்பட்டாள்.

மேசைமேல் சில நாவல்களை வைத்தாள். ஒன்றை எடுத்து, நாடகக் குரலில் ஒரு பத்தி வாசித்தேன். துறையே சிரித்தது. பக்கத்திலிருந்த சக பேராசிரியர், "பேய் பேசுனதுக்கு அடிக்குறிப்பு எப்பிடிப் போடுவ? நேரில் கண்டு உரையாடியதுன்னா?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சூட்டில்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அதோடு சிரிப்பு நின்றது.

அவள் நாவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"வரல்ல சார். வராததுனாலதான் வாசிச்சோம்" என்றாள். "வீடெல்லாம் போயி, அரசாங்கம் போட்டுத்தந்த தகர ஷெட்டுல இருக்கும்போ, பழைய துணி மூட்டையளோட ஒரு சாக்கு நாவலும் ஆரோ அனுப்பியிருந்தாவ. ஒருத்தி வாசிப்பா, மத்த பொண்ணுவ கேக்கும். துப்பறியும் கதைய எடுத்தா, வேண்டாம்னுருவாவ. கொன்னது ஆருன்னு எங்களுக்குத் தெரியும்லா? பேய்க்கதைதான் வேணும். அதுலதானே சார், போனவ திரும்பி வாறா."

ஓர் ஆய்வுக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை எந்த மாணவரும் என்னிடம் சொன்னதில்லை. அது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது.

"இது ஆய்வு இல்ல. ஒப்பாரி" என்றேன்.

காப்பியம் ஒன்றைச் சொல்லி, அதிலுள்ள உவமைகளைத் தலைப்பாகக் கொடுத்தேன். பலர் செய்து சலித்த வேலை. சில மாதங்களில் அவள் வருவது நின்றுபோனது. துறையில் யாரோ விசாரித்தபோது, "மீன் விக்கப் போயிருப்பா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு காலம் மாறியது. நான் ஓய்வு பெறும் சமயத்தில் வெகுசன இலக்கியத்துக்கு மவுசு வந்துவிட்டது. நாகர்கோவிலில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு என்னையும் அழைத்தார்கள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அவள் சொன்னதைத் தவிர. துப்பறியும் கதை ஏன் வேண்டாம், பேய்க்கதை ஏன் வேண்டும் என்று அதையே கட்டுரையாக்கினேன். 'களப்பணியின்போது ஒரு மீனவப் பெண் என்னிடம் கூறினார்' என்று எழுதினேன். நான் எந்த ஷெட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. கதையைக் கேட்டுப் பெண்கள் விம்மி அழுதார்கள் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அதை வாசித்தபோது அரங்கில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தேநீர் இடைவேளையில் அவள் என் முன்னால் வந்து நின்றாள். ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தாள். கடைசி வரிசையில் இருந்து முழுவதும் கேட்டிருக்கிறாள்.

"நல்லா இருக்கியளா சார்?"

என் வாயில் வடை இருந்தது. தலையாட்டினேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். ஆரும் அழல்ல. சிரிச்சோம். கதையில பேய் சன்னல் வழியாத்தானே வரும்? எங்க அம்மா, 'ஏட்டி, நம்ம ஷெட்டுக்குச் சன்னலே இல்லியே, பின்ன உன் தங்கச்சி எப்பிடி வருவா?'ன்னு கேப்பா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாவ. அம்மாவும்தான். அத மட்டும் மாத்திருங்க சார்."

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. தன் பெயரைப் போடச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கேட்ட கேள்வியை நினைவுபடுத்தவும் இல்லை.

"மாத்திருதேன் மக்கா" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கட்டுரைகள் நூலாக வந்தபோது, திருத்துவதற்கு என்னிடம் அனுப்பினார்கள். நிதானமாக உட்கார்ந்து திருத்தினேன். அவள் அம்மா சன்னலைப் பற்றிக் கேட்டதை, பெயர் தெரியாத ஒரு தாய் சொன்னதாகச் சேர்த்தேன். அதற்கடுத்த வரியில், அதைக் கேட்டு எல்லோரும் அழுதார்கள் என்று எழுதினேன்.