கடைத்தெரு வழியே குருத்தோலைகள்

அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறும் பங்குனி உத்திரமும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. மலைக்குப் போகும் கூட்டம் விடிவதற்கு முன்பே திருத்தணி ரோடுகளை அடைத்துவிடும். அதனால் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு போகும் எங்கள் பவனி, சபை வளாகத்தைத் தாண்டக் கூடாது, தெருவில் மைக் கூடாது, பாட்டும் கூடாது என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள். போதகர் அதை ஆராதனையில் அறிவித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கோபத்துக்குக் காரணம் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வருஷா வருஷம் பவனிக்கு முன்னால் நின்று பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மாடியை விட்டு இறங்க முடியவில்லை. எங்கள் வீடு கடைத்தெருவில், வளையல் கடைக்கு மேலே. பவனி எப்போதும் அந்த வழியாகத்தான் வரும். "நடக்க முடியலன்னா இன்னா, மேல இருந்து பாத்துக்கறேன்" என்று காலையிலேயே முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் வர மாட்டார்கள் என்று அவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

வளாகத்துக்குள்ளேயே செக்குமாடு மாதிரி சுற்றி முடித்தோம். அப்போது பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தன் ஓலையைத் தூக்கிக் காட்டினார்.

"பவனிதான வேணாம்னாங்க? ஓலைய ஊட்டுக்கு எடுத்துகினு போவ வேணாம்னு யாரும் சொல்லலியே!"

ஆராதனையில் கொடுத்த ஓலையை வீட்டு வாசல் நிலையில் செருகிவைப்பது எங்கள் வழக்கம். அதை யார் தடுக்க முடியும்? எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. இரண்டு பேர், மூன்று பேராகக் கிளம்பினோம். எதிர்த்திசையில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வீடு இருப்பவர்களும் கடைத்தெருப் பக்கமே திரும்பினார்கள்.

முனையில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். "எல்லாரும் எங்க போறீங்க?"

"ஊட்டுக்குங்க" என்றேன்.

"ஸ்டேஷனாண்ட இருக்கற அந்தம்மாவுமா?" என்று எங்களில் தனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியைக் காட்டினார்.

"ஆங், சுத்திகினு போறாங்க."

"பாட்டு கீட்டுன்னு சத்தம் வந்துது, அவ்ளோதான்" என்று விரலை ஆட்டியவர், எதிரே வந்த காவடிக் கூட்டத்துக்கு வழிவிடப் போய்விட்டார். நாங்கள் நழுவினோம்.

வாயை மூடிக்கொண்டு, ஓலைகளை மட்டும் ஆட்டியபடி வளையல் கடையை நெருங்கினோம். எங்களைப் பார்த்ததும் நைனா கம்பியைப் பிடித்து எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா, எல்லாரும் ஊமையாயிட்டீங்களா?" என்று கத்திவிட்டு முதல் அடியை எடுத்தார். பாடி முடித்து, நாங்கள் பதிலுக்கு ஓசன்னா சொல்வதற்காக வழக்கம்போல நிறுத்தினார். கீழே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் முகம் சுருங்கத் தொடங்கியது.

எனக்குத் தாங்கவில்லை. தெருவில்தானே பாடக் கூடாது? செருப்பைக் கடை வாசலில் உதறிவிட்டு மாடிப்படியில் ஓடினேன். என் பின்னால் பாவா, அவர் பின்னால் மொத்தச் சபையும். கூடம் நிறைந்து, சமையலறை நிறைந்து, படியெல்லாம் ஆட்கள். நைனாவின் பக்கத்தில் நின்று தொண்டை கிழிய ஓசன்னா என்றேன். வீடே என்னோடு சேர்ந்து சொன்னது.

நைனா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வழிய வழிய, பாட்டின் அடுத்த அடியை, சுருதியில் ஒரு கட்டை ஏற்றி எடுத்தார்.