முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்பூன்

இது நடந்தது. எனக்குக் கதை கட்டத் தெரியாமல் இல்லை. கட்டியிருந்தால் ராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் எல்லாம் சேர்த்து ஜோராகக் கட்டியிருப்பேன். இதில் அதெல்லாம் கிடையாது. பட்டப்பகல். வெளியே சுள்ளென்று வெயில், தெருவில் ஹாரன் சத்தம். ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் ஒரு டிவிடி ரைட்டர். அவ்வளவுதான் சாமான். யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அவளை வீட்டில் கடைக்குட்டி என்பார்கள். தலை பாதி நரைத்த பிறகும் கடைக்குட்டிதான். அண்ணன் வெளிநாடு போனான். அக்கா அதைவிடத் தூரமான இன்னொரு நாட்டுக்குப் போனாள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் பேச்சும் போன அம்மா இவள் தலையில் விழுந்தாள். "நீதான் வீட்லயே இருக்கியே" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மற்ற விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போய் யாரும் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்தேதான் அவளுக்கு வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். காதை மூடும் பெரிய ஹெட்போன். குரலை நிறுத்தி ஓட்டக் காலுக்கடியில் ஒரு பெடல். அம்மா பக்கத்திலேயே இருக்கலாமே என்று கம்ப்யூட்டரை அம்மா அறையிலேயே போட்டிருந்தாள். மேசை சுவரை ஒட்டி இருந்தது, கட்டில் அவள் முதுகுக்குப் பின்னால்.

பேச்சில்லாத அம்மாவுக்கு இடது கையில் ஒரு ஸ்பூன். கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவாள். ரெண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் புரட்டிப் படுக்க வை. விடாமல் தட்டினால், இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா. அதற்காகவே கடைக்குட்டி எப்போதும் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மேலே தள்ளி ஒரு காதைத் திறந்து வைத்திருப்பாள். பல வருஷம் அப்படியே ஓடியது.

ஒரு மத்தியானம் வேலையை முடித்துத் திரும்பியபோது அம்மா போயிருந்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒரு சத்தம் இல்ல." எல்லோரிடமும் அதையே சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

காரியம் முடிந்தது. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத அண்ணன், செத்த பிறகு ஒரு மாசம் தங்கினான். அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் அவனைத்தான் தேற்றினார்கள். இவள் எல்லோருக்கும் டீ போட்டாள். காரியம் முடிந்த வாரமே அண்ணன் அம்மாவின் கட்டிலை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்து அனுப்பினான். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரையில் நாலு கால் தடம் மட்டும் மிச்சம்.

கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணன் போன் செய்தான். நண்பன் வீட்டில் இருந்தானாம்.

"அக்கா எடுத்தாளே அம்மா வீடியோ, அது உன் கம்ப்யூட்டர்லதானே இருக்கு? எனக்கும் அக்காவுக்கும் டிவிடி போட்டு வை. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

அக்கா எப்போதோ ஒரு முறை வந்தபோது எடுத்த படம். பேச்சு போன பிறகு எடுத்தது. அம்மா தலையணையில் சாய்ந்து, பாதி முகத்தால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அந்த டேப்பிலேயே பிறகு அக்கா தன் பிள்ளையின் நீச்சல் போட்டியை எடுத்துவிட்டாள். ஆக, அம்மா அசைகிற படம் உலகத்திலேயே இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அதன் ஹார்ட் டிஸ்க்கோ இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அது போனால் அம்மாவும் இரண்டாவது தடவை போனாள். கடைக்குட்டிக்கு அந்த பயம்தான்.

டிவிடியைப் போட்டு ரைட் கொடுத்தாள். திரையில் ப்ராசஸர் லோடு, அதாவது கம்ப்யூட்டர் மூளையின் சுமை, விறுவிறுவென்று ஏறி நூறில் நின்றது. மவுஸ் நகரவில்லை. பாதியில் ரைட்டர் டிஸ்க்கைத் துப்பியது. அது வீண். அடுத்ததும் அப்படியே.

திருப்புளி என்று பட்டப்பெயர் வாங்கிய ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். அந்தத் தெருவில் எல்லா கம்ப்யூட்டரையும் திறந்து மூடுகிறவர். வாய் கொஞ்சம் நீளம்.

"ரைட்டர் தப்பு பண்ணப் பண்ண சிஸ்டம் எண்ணிக்கிட்டே இருக்கும்க்கா. அளவு மீறிட்டா, இவனை இனிமே நம்ப முடியாதுன்னு வேகமான பாதையை மூடிடும். அப்புறம் ஒவ்வொரு துணுக்கையும் ப்ராசஸரே தலையில சுமக்கணும். லோடு ஏறாம என்ன செய்யும்?"

"அப்புறம் மன்னிக்கவே மன்னிக்காதா?"

"ம்ஹூம். ரைட்டர் பேரையே லிஸ்ட்லேந்து அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். யாரோ புது ஆள் வந்திருக்கான்னு நெனச்சு முதல் மரியாதை குடுக்கும்."

"எங்க அண்ணன் மாதிரி" என்றாள் கடைக்குட்டி. திருப்புளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பேரை அழித்தார். கேபிளை மாற்றினார். ரீஸ்டார்ட் செய்து ஏதோ ஒரு பாட்டு ஃபைலை ரைட் பண்ணிக் காட்டினார். லோடு தரையோடு தரையாகக் கிடந்தது. "இனிமே வெண்ணெய் மாதிரி ஓடும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் அம்மாவின் படத்தைப் போட்டாள்.

லோடு ஏறியது. நூறு. அங்கேயே நின்றது.

இந்தத் தடவை டிஸ்க் துப்பப்படவில்லை. மெதுவாக... மிக மெதுவாக... எழுதிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் ஃபேன் மூச்சிரைத்தது. போனை எடுத்தாள்.

"தம்பி, மறுபடி நூறு."

"வேற என்ன ஓடுது? எந்த புரோகிராம் எவ்வளவு எடுக்குதுன்னு பாருங்க."

பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை எல்லாம் சைபர். கூட்டுத்தொகை மட்டும் நூறு.

"எதுவுமே எடுக்கலையே."

"அது எப்படி? அக்கா, இருக்கற படத்தை அப்படியே எழுதறதுக்கு மூளையே வேணாம். புதுசா ஒரு படம் செய்யறப்பதான் ப்ராசஸர் இப்படித் திணறும். நீங்க எதையாவது செய்யச் சொல்லி வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்படின்னா..." என்று ஆரம்பித்தார் திருப்புளி. பிறகு, "ஐயோ, ஹார்ட் டிஸ்க் தட்டுதே!" என்றார்.

"என்ன தட்டுது?"

"டங், டங்னு... போன்லயே நல்லா கேக்குது. அது சாகப்போவுதுக்கா. நிறுத்தாதீங்க, எழுதி முடிக்கட்டும்."

அவள் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தாள். ஃபேன் சத்தம் மட்டும்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்க பக்கத்துலதான் கேக்குது. ரெண்டு... இப்ப மூணு... சரி, நான் இன்னொரு எடத்துல இருக்கேன். முடிச்சுட்டுக் கூப்பிடுங்க."

ரெண்டு, மூணு என்று அவர் சொன்னது அப்போது அவள் மனசில் ஏறவில்லை. டிஸ்க் வீணாகாமல் இருந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

மூன்று டிவிடியும் முடிந்தன. மேலே பேனாவால் எழுதினாள். அண்ணன். அக்கா. கடைக்குட்டி. கடைசி டிஸ்க் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் அண்ணன் வந்து இரண்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்டா கடைக்குட்டி" என்று தலையைத் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் அவள் தன் டிஸ்க்கை அம்மா அறையில் இருந்த டிவிடி பிளேயரில் போட்டாள். பழக்க தோஷம், ஹெட்போனை டிவியில் சொருகிக்கொண்டாள்.

அம்மா வந்தாள். தலையணை. பாதிச் சிரிப்பு. கடைக்குட்டி அழுதாள். நன்றாக அழுதாள்.

பிறகு படம் ஒரு தடவை உலுக்கியது.

அம்மாவைக் காணோம். அதே அறை. ஆனால் யாரோ கட்டிலில் படுத்துக்கொண்டு எடுத்த மாதிரி... தாழ்வாக. ஓரத்தில் கட்டில் கம்பி.

நடுவில் ஒரு முதுகு. பச்சை மேல்சட்டை. தோளில் கிழிந்து தைத்த இடம்.

அவளுடைய முதுகு.

அந்தச் சட்டையை அவள் அம்மா போன அன்றைக்குப் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு தொடவில்லை. அந்த அறையில் என்றைக்கும் கேமரா இருந்ததில்லை. அன்றைக்கு அவசர வேலை. டாக்டர் குரல் தெளிவாக இல்லை. படத்தில் ஹெட்போன்... இரண்டு காதையும் மூடியிருந்தது.



ஒரு இடது கை படத்துக்குள் வந்தது. ஸ்பூன்.

டங்... டங்...

முதுகு திரும்பவில்லை.

டங்... டங்... டங்...

திரும்பவில்லை. விரல்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தன.

டங் டங் டங் டங் டங்...

"திரும்புடி!" என்று கத்தினாள் கடைக்குட்டி, டிவியில் இருந்த தன் முதுகைப் பார்த்து. "ஐயோ, திரும்பேன்டி!"

திரும்பவில்லை.

தட்டல் தளர்ந்தது. டங்... ... டங்... ... ...

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். அறை காலி. தரையில் நாலு கால் தடம். டிவியில் மட்டும் அந்த முதுகு இன்னும் டைப் அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் போன். தேம்பித் தேம்பி அழுதான். "அம்மா என்னைக் கூப்பிட்டாங்கடா! வந்துட்டியாப்பா, சாப்பிட்டியான்னு தெளிவா கேட்டாங்க! அம்மாவுக்குப் பேச்சு வந்துச்சுன்னு நீ ஏன் சொல்லவே இல்ல?" டிஸ்க் போய்ச் சேர்ந்ததும் அக்காவும் அதையே கேட்டாள். அவளையும் அம்மா செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அம்மா வாயிலிருந்து ஒரு எழுத்து வெளியே வந்ததில்லை. மலம் மூத்திரம் அள்ளியவளுக்கு முதுகு, எட்டிப் பார்க்காதவர்களுக்குப் பேச்சு. என்னிடம் இதைச் சொல்லும்போதுகூட கடைக்குட்டிக்குப் பல் நறநறத்தது. அந்த டிஸ்க்கைக் காட்டேன் என்று கேட்டேன். காட்டவில்லை. உடைத்துப் போடவும் முடியவில்லை அவளால். அதில் முதல் சில நிமிஷம் அம்மா சிரிக்கிறாள். அவளிடம் அம்மா என்று இருப்பது அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால், துக்கத்தில் ஏதோ பிரமை என்று நானும் சொல்லியிருப்பேன். அண்ணனும் அக்காவும் சேர்ந்து உளறுகிறார்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் கீழ் வீட்டு அம்மாள் மாடிக்கு ஏறி வந்தார். முகம் கடுகடு.

"தெனமும் மத்தியானம் என்னத்தம்மா அப்படித் தட்டறே? துக்கத்துல இருக்கேன்னு ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே முடியாது."

"நான் எதையும் தட்டலையே..."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. கட்டில் கம்பியில ஸ்பூனால தட்டற மாதிரி. முதல்ல ரெண்டு, அப்புறம் மூணு, அப்புறம் விடாம. உங்கம்மா போன அன்னைக்குதான் ஆரம்பிச்சுது. நீ ஏதோ ஆணி அடிக்கறேன்னு நெனச்சேன்."

கடைக்குட்டி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு... எவ்வளவு நேரம் கேட்டுச்சு?"

கீழ் வீட்டு அம்மாள் யோசித்தார். "துணி துவைக்க உக்காந்தப்ப ஆரம்பிச்சுது. துவைச்சு, காயப்போட்டு, சமைச்சு, சாப்பிட்டுக் கை கழுவற வரைக்கும் கேட்டுச்சு."

அந்த வேலையை அவள் விட்டுவிட்டாள். ஹெட்போனை யாருக்கோ கொடுத்துவிட்டாள். தினமும் மத்தியானம் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு, அந்த நாலு தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை.

கீழ் வீட்டில் இன்னும் கேட்கிறதாம்.