ராஜ வீதியில் நாலு சுற்று

பேய் பிசாசு சமாசாரத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயுசில் பாதி ஸ்பேனர் பிடித்தவன் நான். சத்தம் வந்தால் எங்கோ ஒரு நட்டு லூசாக இருக்கிறது, வாசனை வந்தால் எங்கோ ஆயில் ஒழுகுகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம். நீங்கள் பிசிக்ஸ் வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர் வேறு, இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள் சார்.

முதலில் ஸ்பீட்வே என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் கேட்டு என் கழுத்தை அறுப்பீர்கள். இங்கிலாந்தில் நடக்கிற பைக் ரேஸ் அது. நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், பிறகு அடுத்த நாலு பேர், இப்படி ஒரு சாயங்காலத்துக்குப் பதினைந்து ரேஸ். வண்டிக்கு பிரேக் கிடையாது. நம்பினால் நம்புங்கள், பிரேக்கே கிடையாது, கியரும் ஒன்றுதான். மண் தரையில் இடப்பக்கமாகவே சுற்றுவார்கள். வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்புவார்கள். அது எப்படி என்று நீங்கள்தான் போர்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

அங்கே ஒரு ஊரில் பஸ் டிப்போவில் நான் ஃபிட்டராக இருந்தேன். கூட வேலை செய்தவர்கள் ஒரு வியாழக்கிழமை இழுத்துக்கொண்டு போனார்கள், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். என் சம்சாரம் லோகு கல்யாணமாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது அவளையும் கூட்டிப்போனேன். பட்டுப்புடவைக்கு மேலே என் டிப்போ கோட்டை மாட்டிக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். முதல் ரேஸ் முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாங்க இது, எல்லாரும் அப்பிரதட்சணமா சுத்திக்கினு இருக்கிறாங்க. இப்டி தப்பா சுத்தினா விழாம இன்னா பண்ணுவாங்க?"

கோயிலைச் சுற்றுவதும் பைக் ஓட்டுவதும் ஒன்றா, பேசாமல் பார் என்றேன். அடுத்த ரேஸில் முதல் வளைவிலேயே இரண்டு பேர் விழுந்தார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வைத்து ஒரு வருஷம் என்னை ஓட்டினாள்.

அதற்கப்புறம் வாராவாரம் வியாழக்கிழமை ரேஸ்தான், எனக்கு ஜுரம் என்றால்கூட அவள் மட்டும் தனியாகப் போய்விட்டு வருவாள். நாங்கள் நிற்பது எப்போதும் நாலாவது வளைவில்தான். வளைவில் நின்றால் செங்கல் தூள் மாதிரி சிவப்பு மண் வந்து முகத்தில் அடிக்கும், டிபன் பாக்ஸில் இருக்கிற கோயில் இட்லியிலும் அடிக்கும். ஊதி ஊதிச் சாப்பிடுவோம். மிளகும் சுக்கும் போட்ட அந்த இட்லிக்காகவே எங்கள் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி காத்திருப்பாள், அவளுக்கென்று இரண்டு தனியாக எடுத்துவைப்பாள் லோகு. புரோகிராம் தாளில் கட்டம் போட்டிருக்கும், ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் யார் முதல், யார் இரண்டாவது என்று பென்சிலால் எழுத வேண்டும். அந்தப் பென்சிலை அவள் என்னிடம் கொடுத்ததே இல்லை.

வாசனையைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வண்டிகளுக்கு ஊற்றுகிற ஆயில் நம் விளக்கெண்ணெய் ஜாதி. அது கருகி வருகிற வாசனையைப் பிடித்ததும் லோகு கண்ணை மூடிக்கொள்வாள். ஊரில் குழந்தைக்கு உச்சியில் விளக்கெண்ணெய் வைத்த வாசனை அடிக்கிறது என்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் டீமில் ஒல்லியாக ஒரு பையன் ஓட்டினான், அவனுக்கு அவள் வைத்த பேரே ஒல்லி. அவன் தோள்பட்டை எலும்பு உடைந்தபோது இங்கே இருக்கிற காமாட்சிக்கு அங்கிருந்து நேர்ந்துகொண்டாள். இரண்டு வாரத்தில் கட்டோடு வந்து ஓட்டினான் படுபாவி. அவள் அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் அவனுக்கு அம்மா முறை என்றே நினைத்துவிட்டார்கள்.

அந்த மைதானத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள். கடைசி ரேஸ் அன்றைக்கு எல்லோரும் இறங்கித் தடத்தில் நடந்தோம், யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. அடுத்த வருஷமே நாங்கள் காஞ்சிபுரம் வந்துவிட்டோம். வியாழக்கிழமை இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை.

இங்கே வந்து ஏழெட்டு வருஷத்தில் லோகுவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் உப்பு டப்பா, அப்புறம் தெருப் பேர், அப்புறம் நான். ஒருநாள் காலையில் காபி கொடுத்தேன், வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் டாக்டர் சார்" என்றாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து எட்டு மாதமாக நான் டாக்டர் சார்தான். மரியாதையாக இரு கையாலும் டம்ளரை வாங்குவாள். ஒரே ஒரு தடவை, செத்துப்போவதற்குள் ஒரே ஒரு தடவை என்னை நான் என்று தெரிந்து கூப்பிட மாட்டாளா என்று கிடந்தேன்.

போன ஆடி மாதம், வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குக் கதவைத் திறந்தவன் தாழ்ப்பாளை மறந்து தொலைத்தேன். குளித்துவிட்டு வந்தால் லோகு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகிற பொம்பளை, எவ்வளவு தூரம் போயிருப்பாள். நம் சந்து கிழக்கு ராஜ வீதியில் போய் முட்டுகிறதா, அங்கிருந்து தேர் பிரதட்சணமாகப் போகிற வழியாகத்தான் போயிருப்பாள் என்று தெற்கே ஓடினேன். முனை வரைக்கும் போய்ப் பார்த்தேன், கடைக்குக் கடை கேட்டேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. மூச்சு வாங்க ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கருகின விளக்கெண்ணெய். பின்னாலேயே சத்தம், பட்டுத்துணியை நடுவில் பிடித்துக் கிழித்த மாதிரி. ஆயிரம் வண்டி நடுவில் கேட்டாலும் எனக்கு அது தெரியும் சார். வடக்கே கேட்டது, சுற்றிக்கொண்டு மேற்கே போனது, எனக்குப் பின்னால் வந்தது, மறுபடி வடக்கே. ஒரு சுற்றுக்குப் பதினைந்து நொடி. கோயிலைச் சுற்றியிருக்கிற நாலு ராஜ வீதியையும் எந்த வண்டியாலும் பதினைந்து நொடியில் சுற்ற முடியாது, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு சுற்று ஆனதும் நின்றுவிட்டது. மூன்று நிமிஷம் கழித்து மறுபடி நாலு.

நான் திரும்பி ஓடிவந்தேன். சந்து முனையில் பூக்காரம்மா உட்கார்ந்திருந்தது, போகும்போது அதைக் கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்டேன்.

"அம்மாவா? வடக்கால போச்சுபா. நடந்துகூட போவல, ஓடிக்கினு போச்சு. கூப்ட்டேன், திரும்பியே பாக்கல."

"இன்னா வண்டிமா இது, இப்டி கத்துது?"

"எந்த வண்டி? ஒண்ணும் கேக்கலியே."

சத்தம் போன வழியிலேயே போனேன். வடக்கே போய் இடப்பக்கம், மறுபடி இடப்பக்கம், எதிரே வருகிறவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மேற்கு ராஜ வீதி முனையில், சாத்தின ஷட்டருக்கு முன்னால் லோகு நின்றிருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது, முகமெல்லாம் சிவந்து பளபளவென்றிருந்தது. என்னைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தாள்.

"எங்கங்க போய்ட்டீங்க? இந்த மனுசன நம்பி ஒரு எடத்துக்கு வர முடியுதா? ஒல்லி கடைசி சுத்துல ஜெயிச்சுட்டான், நீங்க பாக்கவே இல்ல."

அந்த ஷட்டர் படியிலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் பேசினாள் பாருங்கள், இட்லிக் கிழவி, டிப்போ கோட்டு, பனியில் பஸ் கிடைக்காமல் நாங்கள் நடந்தே வந்த ராத்திரி, அந்த வழியெல்லாம் நான் தப்புத்தப்பாகப் பாடிக்கொண்டு வந்தது, ஒன்றுவிடாமல். இருபது நிமிஷம் இருக்கும். என் ஆயுசில் அந்த இருபது நிமிஷத்துக்கு ஈடு எதுவுமில்லை. வீட்டுக்குப் போகலாம் வா என்று கையைப் பிடித்து எழுப்பினேன். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"டாக்டர் சார், எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?"

வந்துவிடுவார் என்றேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டபோதுதான் செருப்பைப் பார்த்தேன். வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத ரப்பர் செருப்பு. வலது செருப்பில் கடை ஸ்டிக்கர்கூட உரியவில்லை. இடது செருப்பு அடிப்பக்கம் தேய்ந்து தாள் மாதிரி ஆகியிருந்தது. உங்களுக்குத் தெரியாது, ஸ்பீட்வே ஓட்டுகிறவர்கள் இடது காலுக்கு மட்டும் எஃகுத் தகடு போட்டிருப்பார்கள், வளைவில் அந்தக் காலை ஊன்றி இழுத்துக்கொண்டே போவார்கள். அரை மைல் ஓடினால் செருப்பு தேயும் என்று சொல்லாதீர்கள், ஒற்றைச் செருப்பு மட்டும் ஏன் தேய்கிறது என்று சொல்லுங்கள்.

சிரிக்கவில்லையே நீங்கள். சரி, மிச்சத்தையும் கேளுங்கள். அதற்கப்புறம் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவைத்திருக்கிறேன், சாவி என் அரைஞாணில். லோகு வாசல் தாண்டவே இல்லை. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறாள். போன வாரம் வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் இடது செருப்பு தேய்ந்திருக்கிறது.

பயமா என்று கேட்டால் பயம் இல்லை. பொறாமை. நான் போக முடியாத இடத்துக்கு அவள் மட்டும் போய்விட்டு வருகிறாள். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போயேன் லோகு என்று கேட்டேன். பாவம் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு டிக்கெட் இல்லியே டாக்டர் சார். ரெண்டுதான் இருக்குது, எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும். அவர் இப்பல்லாம் எனக்கு முன்னாடியே வந்து நின்னுக்கினு இருக்கிறாரு."