மீட்டரில் கொசுறு விட்ட கவுகோ

மூசெண்டா மலைச்சந்தையில் பீன்ஸ் விற்கும் கவுகோவை அறியாதவர் இல்லை. உப்பு சுமந்த கம்பலேக்கு நான்காவது பெண். வெல்டிங் கக்குலேயின் மனைவிக்குச் சித்தி மகள். அந்த வம்சத்துக்கே கை தாராளம். பால்மாவு டப்பாவில் கோபுரமாகக் குவித்து, அதன்மேல் ஒரு கை கொசுறும் போட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். தலை தட்டி அளப்பவளை அந்தச் சந்தையில் ஒரு மனுஷியாகவே மதிக்கமாட்டார்கள்.

ஓடையை மறித்து ஊரே கூடி மின்சாரம் எடுத்தபோது, மாதாமாதம் பொது மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையை அவளிடம்தான் கொடுத்தார்கள். அளவில் யாரையும் ஏமாற்றாதவள் அல்லவா!

ஆயிரம் யூனிட் ஓடினால் ஒரு சான்றிதழ். கடல் கடந்த கம்பெனி ஒன்று அந்தச் சான்றிதழ்களை வாங்க முன்வந்தது. மின்சாரம் ஊரிலேயே எரியும். புகையில்லாமல் தண்ணீரில் பிறந்த மின்சாரம் என்ற பெருமை மட்டும் கம்பெனியைச் சேரும்.

“ஆட்டுக்குக் காசக் குடுத்துட்டு, கறிய நமக்கே விட்டுட்டு, கழுத்து மணிய மட்டும் கழட்டிக்கிட்டுப் போறானே, கிறுக்கனா அவன்?” என்றான் அவள் கணவன் பலுகு.

“கொண்டு போகட்டுமே. மணிய வெச்சு நீ என்ன கொழம்பா வைக்கப் போற?” என்றாள் கவுகோ.

கோடை முடிவதற்குள் நூறு சான்றிதழ் சேர்ந்தால், அந்தப் பணத்தில் அக்கரைப் பிரசவ வீட்டுக்குக் கம்பி வரும். சேராவிட்டால் கம்பங்கள் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று பேச்சு. கவுகோவுக்கு அது சொந்தக் கவலை. கொழுந்தன் மனைவி கன்யெரே முழுகாமல் இருந்தாள். பிரசவ வீட்டு நர்சம்மா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பிள்ளை எடுப்பாள். ‘முக்கு’ என்று சொல்லக்கூட வாய் இருக்காது, புருவத்தாலேயே சொல்வாள். தலைப்பிள்ளைக்குக் கன்யெரே இருட்டில் அந்தப் புருவம் தெரியாமல் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த வருஷம் ஓடையில் தண்ணீர் இளைத்தது. கோடையின் கடைசி வாரம். நோட்டில் தொண்ணூற்றேழு சான்றிதழுக்குத்தான் கணக்கு இருந்தது. கவுகோவுக்குச் சோறு இறங்கவில்லை.

புக்காவு நகரத்திலிருந்து கணக்கைச் சரிபார்க்க சிருசா என்ற அதிகாரி வந்தார். நோட்டைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மீட்டர்ல ஓடின மூவாயிரம் யூனிட் நோட்டுல காணோமே! யாராச்சும் திருட்டுத்தனமா இழுத்தத மறைச்சு எழுதினீங்களா? இது தெளியாம ஒரு சான்றிதழும் கிடையாது.”

கூடியிருந்த ஊரார் எல்லார் கண்ணும் கக்குலே மேல் பாய்ந்தது.

“நெனச்சேன்!” என்றான் பலுகு. “பட்டறையில பொழுதன்னிக்கும் பொறி பறக்கும்போதே நெனச்சேன்.”

“யோவ், என் வாயக் கிளறாத. என் கம்பிக்கும் மீட்டர் இருக்கு” என்று கக்குலே எகிறினான்.

“அவர விடுங்க. அது நான்தான்” என்றாள் கவுகோ.

“நீங்க எடுத்தீங்களாம்மா?”

“எடுக்கல ஐயா, குடுத்தேன். ஆயிரத்துக்கு முப்பது கொசுறு. ஆயிரம் ஓடினா தொள்ளாயிரத்து எழுபதுன்னு எழுதினேன். அம்புட்டு தூரத்துலேருந்து வாங்குறாங்க. தலை தட்டி அளந்தா நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாங்க?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஓடைக்கரையில் மேய்ந்த ஆடுகள் மிரண்டன.

“அடிப்பாவி! இத்தன வருஷத்துல எனக்கு ஒரு கரண்டி கொசுறு போட்டிருப்பியா?” என்றான் பலுகு.

சிருசா சிரிக்கவில்லை. “பீன்ஸ் வேற, இது வேறம்மா. இது சாட்சி. சாட்சி சொல்றவங்க கூட்டியும் சொல்லக்கூடாது, குறைச்சும் சொல்லக்கூடாது.”

கவுகோ முன்னால் வந்தாள். “தப்பு என்னோடது ஐயா. என்னை நோட்டுலேருந்து எடுத்துடுங்க. கம்பிய மட்டும் எடுத்துடாதீங்க.”

அவர் மீட்டர் முன்னால் உட்கார்ந்தார். மீட்டர் தன் வயிற்றுக்குள் மாதவாரியாக வைத்திருந்த கணக்கை நோட்டோடு ஒத்துப் பார்த்தார். பத்து மாதமும் ஆயிரத்துக்கு முப்பது. ஒரு யூனிட் பிசகவில்லை.

“இத்தனை ஒழுங்கா தப்பு பண்ணினவங்கள நான் பார்த்ததே இல்லை” என்று கடைசியில் சிரித்துவிட்டார். “நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பத்து மாசக் கணக்கையும் மீட்டர்ப்படி திருத்துங்க. திருத்தினா தொண்ணூத்தேழு இல்லம்மா, நூறு.”

பெண்கள் குலவையிட்டார்கள். பலுகு போய்க் கக்குலேயைக் கட்டிக்கொண்டான். “தள்ளிப் போ, பொறி படும்” என்றான் கக்குலே.

புறப்படும்போது சிருசா ஒரு டப்பா பீன்ஸ் கேட்டார். கவுகோ கோபுரத்தைக் கையால் வழித்துத் தலை தட்டி நீட்டினாள். “உங்க சட்டம் ஐயா!” அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பையில் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

அக்கரைக்குக் கம்பி வந்த பிறகு, ஒரு மழை மாலையில் கன்யெரேக்கு வலி கண்டது. பிரசவ வீட்டில் புது விளக்கு பளீரென்று எரிந்தது. இத்தனை வருஷம் டார்ச்சைக் கடித்திருந்த நர்சம்மாவின் வாய் அன்றைக்குத்தான் திறந்தது.

“முக்குடி! எரும! இன்னும்! கவுகோ, என்ன விளக்கையே பார்த்துக்கிட்டு நிக்கிற, துணிய எடு! யாரு அங்க வாசல்ல, பலுகுவா? போய்யா வெளிய!”

பிள்ளை பிறந்து அழுதபோது அந்த அழுகை யார் காதிலும் விழவில்லை. நர்சம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.